பதினோரு மணித் தண்ணீர்

சைரன் அலறியது.

மாடம்பாக்கம் குறிஞ்சி என்கிளேவின் மூன்று பிளாக்குகளுக்கும் கேட்கும்படி, தெருநாய்களெல்லாம் சேர்ந்து குரைக்கும்படி அலறியது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பி பிளாக் 203-ல், ஞாயிற்றுக்கிழமை என்று தாமதமாகக் குளிக்கப் போன ஷ்யாம்சுந்தர், தலை நிறைய ஷாம்பு நுரையோடு ஷவரைத் திருகினான். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"மிருது! ஒரு பக்கெட் தண்ணி குடு!"

"பக்கெட்ல இருக்கறது சமையலுக்கு. ஒரு சொம்பு தரேன், கண்ணை மட்டும் கழுவிக்கோங்க." சமையலறையிலிருந்து மிருதுளாவின் குரல் வந்தது. "பத்தரைக்குள்ள எல்லாரும் குளிச்சிடுங்கன்னு அனிருத் காலையிலேயே மெசேஜ் போட்டிருந்தார். நீங்கதான் குரூப்பையே பாக்கறதில்லை."

அனிருத்! கண்ணில் இறங்கிய ஷாம்புவைவிட அந்தப் பெயர்தான் ஷ்யாமுக்கு அதிகமாக எரிந்தது.

சி பிளாக்குக்கு இந்த வருடம்தான் குடிவந்தான் அனிருத். கல்யாணம் ஆகவில்லை. அம்மா ரமாவோடு இருக்கிறான். அளவாக வெட்டிய தாடி, நெற்றியில் வந்து விழும் முடி. (ஷ்யாமுக்கு நெற்றி, வருடா வருடம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.) வந்த கையோடு அசோசியேஷனில் பேசி, வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் தண்ணீர் மீட்டர் மாட்ட வைத்தான். லிப்ட் நின்றால் அவனைத்தான் கூப்பிட்டார்கள். யாராவது வயசானவர் வழுக்கி விழுந்தால் அவன் கார்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மிருதுளாவின் வாக்கியங்கள் இப்போதெல்லாம் 'அனிருத் என்ன சொன்னார்னா' என்று ஆரம்பித்தன. அதுதான் தாங்க முடியவில்லை.

துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது காலிங் பெல் அடித்தது. அசோசியேஷன் செக்ரெட்டரி சாம்பசிவன். பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். இப்போது அறுபது குடும்பங்களையும் பேங்க் கிளையாக நினைத்து நடத்திக்கொண்டிருந்தார்.

"ஷ்யாம், காதுல நுரை இருக்கு," என்றபடி உட்கார்ந்தார். "சங்கதி இதுதான். லாரி ஒன்பது மணிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போறான். மத்தியானத்துக்குள்ள தொட்டி காலி. ஏ பிளாக்கைக் கேட்டா பி பிளாக்னு சொல்றான். பி பிளாக்கைக் கேட்டா சி பிளாக்னு சொல்றான். அடுத்த ஞாயிறு மீட்டிங். எந்த பிளாக் அந்த நேரத்துல அதிகமா இழுக்குதோ, அதுக்கு வால்வை ஒரு மணி நேரம் மூடறதா முடிவு. நீங்கதான் கணக்குப் போட்டுத் தரணும்."

"நானா?"

"ஒவ்வொரு வீட்டு மீட்டரும் கால் மணிக்கு ஒரு ரீடிங் எழுதுதாம். போன மாச ஃபைலைத் திறந்தேன். லட்சத்துக்கு மேல வரி. என் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிப் படுத்துடுச்சு. உங்களுக்குத்தான் இதே வேலையாச்சே?"

"அனிருத்தே போடலாமே சார்? அவருக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா?"

"அவர்தான் உங்க பேரைச் சொன்னார். 'இதுல ஷ்யாம் ப்ரோ கிங் சார்'னார்."

மிருதுளா காபி டம்ளரை வைத்துவிட்டு, "பாத்தீங்களா, எவ்வளவு பெருந்தன்மை!" என்றாள்.

எதிரி திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். பாராட்டினால் என்ன செய்வது? ஷ்யாம் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான்.

சாயங்காலமே மெயில் வந்துவிட்டது. 'ஹாய் ப்ரோ' என்று ஆரம்பித்து நீளமாக ஏதோ எழுதியிருந்தான். அந்த இரண்டு வார்த்தைக்குமேல் படிக்க ஷ்யாமுக்கு மனம் வரவில்லை. இணைப்பை மட்டும் இறக்கிக்கொண்டான்.

ஷ்யாமுக்கு தாம்பரம் சானடோரியம் பகுதியில் வேலை. புது மருந்துகளைச் சோதிக்கும் கம்பெனிகள் அனுப்பும் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துச் சுருக்கிக் கொடுக்கும் ஆபீஸ். 'ஆர்' என்று ஒரே எழுத்தில் பெயர் கொண்ட மென்பொருள் அவனுக்குக் கைவந்த கலை. லட்சம் வரியைக் கொட்டி, 'குரூப் பை' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். சொன்னபடி தனித்தனிக் குவியலாகப் பிரித்துவிடும். மருந்துவாரியா, வயதுவாரியா, ஆண் பெண் வாரியா, எப்படிக் கேட்டாலும் பிரிக்கும். அடுத்த வரியில் 'சம்மரைஸ்' என்றால் ஒவ்வொரு குவியலுக்கும் சராசரி என்ன, நடுமதிப்பு என்ன, எத்தனை பேர் என்று ஒரு சின்ன அட்டவணை வந்து நிற்கும். தினமும் செய்யும் வேலை. ஆனால் அங்கே நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்த தேதி மட்டும்தான் இருக்கும். மணி, நிமிஷம் எதுவும் இருக்காது.

தண்ணீர் ஃபைலில் இருந்தது. தேதி, பக்கத்தில் நேரம், நேரத்தின் வாலில் ஒரு 'இஸட்'. ஏதோ மீட்டர் கம்பெனிக்காரன் போட்ட முத்திரை என்று ஷ்யாம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

செக்ரெட்டரி கேட்டது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. மற்ற மணி நேரங்களை ஒரே வரியில் வெட்டித் தள்ளினான். பிளாக்வாரியாகப் பிரித்தான். சராசரி கேட்டான். சி பிளாக் மாட்டிக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அனிருத்தின் வால்வை மூடலாம் என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

அட்டவணை வந்தது. மிகக் குறைவாகச் செலவு செய்தது சி பிளாக்.

"சேச்சே!"

சில பெரிய வீடுகள் சராசரியை இழுத்திருக்கும் என்று நடுமதிப்பைப் பார்த்தான். அதிலும் சி பிளாக்தான் நல்ல பிள்ளை. பாதி வீடு காலியாக இருக்கும் என்று எண்ணிக்கையைப் பார்த்தான். எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. கடைசியில் வீட்டுவாரியாகப் பிரித்து, அனிருத்தின் 304-ஐத் தேடினான். மொத்தக் குடியிருப்பிலும் சிக்கனத்தில் மூன்றாவது இடம்.

'தண்ணிகூட இவன் சொன்ன பேச்சைக் கேக்குது!'

பட்டியலின் மேல் பக்கம், அதிகம் செலவழித்த வீடுகளைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பி-203. அவன் வீடு.

ஷ்யாம் நிமிர்ந்து உட்கார்ந்தான். வார நாளில் ஏழே முக்காலுக்கு மிருதுளா ஸ்கூல் வேனில் ஏறிவிடுவாள். சேலையூரில் சயன்ஸ் டீச்சர். எட்டரைக்கு அவன் கிளம்பிவிடுவான். வேலைக்கு ஆள் கிடையாது. ஒன்பதுக்குமேல் பூட்டிய வீட்டில் யார் தண்ணீரைத் திறந்தது? குழாய் ஒழுகுகிறதா? ஒழுகினால் தினமும் அல்லவா ஒழுக வேண்டும்?

கிழமைவாரியாகப் பிரித்தான். திங்கள், பூஜ்யம். செவ்வாய், நூற்று அறுபது லிட்டர். புதன், பூஜ்யம். வியாழன், நூற்று ஐம்பத்தைந்து. வெள்ளி, பூஜ்யம்.

மணிவாரியாகப் பிரித்தான். ஒன்பதில் ஒன்றுமில்லை. பத்தில் ஒன்றுமில்லை. எல்லாம் பதினோரு மணிக்கு.

ஒழுகும் குழாய்க்குக் கிழமை தெரியாது. மனிதர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே மிருதுளா போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆமா ரமா ஆன்ட்டி… ஸ்பேர் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் ஆன்ட்டி, அவசரத்துக்கு ஆகும்…"

சாவி. சி பிளாக்கில். அவன் வீட்டில்.

இரண்டு வாரம் முன்பு சாப்பிடும்போது அவள் சொன்னது இப்போது ஷ்யாமின் காதுக்குள் மறுபடி ஒலித்தது: 'அனிருத்துக்கு என்ன கஷ்டம், செவ்வாய், வியாழன் வீட்லேர்ந்தே வேலை.'

செவ்வாய். வியாழன்.

லேப்டாப்பை மூடினான். மூடிய பிறகும் அந்த அட்டவணை கண்ணுக்குள் திறந்தே இருந்தது.

திங்கட்கிழமை எப்படிப் போனது என்று அவனுக்கே தெரியாது. ஆபீஸில் ஒரு சர்க்கரை மருந்தின் அட்டவணையில் ஆண்களையும் பெண்களையும் மாற்றிப் போட்டு, டீம் லீடரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

செவ்வாய், பதினோரு மணி. கேன்டீனுக்குப் பின்னால் போய் நின்று, மிருதுளாவின் ஸ்கூலுக்குப் போன் போட்டான். எடுத்தது ஸ்கூல் ஆபீஸில் இருக்கும் ஏஞ்சல். மிருதுளாவோடு ஒரே வேனில் வருபவள்.

"மிருதுளா மேடம் இருக்காங்களா?"

"எய்ட் பி-ல கிளாஸ் எடுத்துட்டிருக்காங்க சார். நீங்க?"

"நான்… அவங்க ஹஸ்பெண்ட்."

"ஐயோ, ஏதாவது அர்ஜென்ட்டா சார்? கூப்பிடட்டுமா? பக்கத்து ரூம்தான்."

"வேணாம், வேணாம். கிளாஸ்ல இருக்காங்கன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"என்ன சார் இது, அவங்க குரல் இங்க வரைக்கும் கேக்குது. ஒளிச்சேர்க்கை நடத்தறாங்க." ஏஞ்சல் சிரித்தாள்.

"சரி. நான் பேசினேன்னு சொல்ல வேணாம்."

போனை வைத்ததும் ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிடம் மறுபடி கனத்தது. ஒரே வேன். ஒரே சாப்பாட்டு மேஜை. சிநேகிதிக்காக ஒரு பொய் சொல்ல மாட்டாளா? ஒளிச்சேர்க்கை என்றெல்லாம் விவரமாகச் சொன்னதே சந்தேகமாக இல்லையா?

ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பியதும் நேராகப் பால்கனிக்குப் போனான். அங்கிருந்து பார்த்தால் சி பிளாக் 304 தெரியும். கொடியில் தொங்கிய ஈரச் சட்டை ஒன்று கன்னத்தில் சப்பென்று அறைந்தது. அதைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தான். எதிர் பால்கனியில் அனிருத் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அரிசி களைந்த தண்ணீராக இருக்கும். சிக்கனக்காரன்! இவனைப் பார்த்ததும் கையசைத்தான். ஷ்யாம் சட்டைக்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

அன்று மிருதுளா தோசை வார்த்தாள். இரண்டாவது தோசையைப் போடும்போது நிதானமாகக் கேட்டாள்.

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"எனக்கா? ஒண்ணுமில்லையே."

"நிஜமா?"

"சட்னி இருக்கா?"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். அந்தப் பார்வைக்கும் ஷ்யாம் மனசுக்குள் ஒரு குற்றப்பத்திரிகை எழுதினான்.

வியாழக்கிழமை.

வழக்கம்போல டை அடித்த தலையைச் சீவி, ஐடி கார்டை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் பையோடு பைக்கைக் கிளப்பினான். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரை போய், திரும்பி வந்தான். ஆபீஸுக்கு 'வயிற்று வலி' என்று மெசேஜ் போட்டான். அதுவும் முழுப் பொய் இல்லை. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில், பேனர் மறைவில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"இன்னா சார், டீயை ஹெல்மெட்டோடவா குடிப்பே?"

வாட்ச்மேன் சிட்டிபாபு. டீ வாங்க வந்தவன், குனிந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான். "ஷ்யாம் சாரு! ஆபீஸு இல்லியா இன்னிக்கு? வண்டி மக்கர் பண்ணுதா?"

"ஒரு ஆளுக்காக வெயிட் பண்றேன்."

"உள்ள வந்து குந்து சார். பேனாண்ட காத்து இருக்குது. இங்க வெயில்ல இன்னாத்துக்கு பேஜார்?"

"நீ போப்பா!"

"கோச்சிக்காத சார்," என்று சிட்டிபாபு டீயை வீசி ஆற்றியபடியே போனான்.

பதினோரு மணி ஆயிற்று. சி பிளாக் வாசலில் அனிருத் வந்து நின்றான். அரைக்கால் டிரவுசர், டீ ஷர்ட், தோளில் ஒரு பை. இடமும் வலமும் பார்த்தான். நேராக நடந்து பி பிளாக்குக்குள் நுழைந்தான்.

ஷ்யாமின் கையிலிருந்த டீ பேன்ட்டில் கொட்டியது. எழுந்து ஓடினான். லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டு அவனை உரசிக்கொண்டு போனது. கேட்டைத் தாண்டி, லிப்டுக்குக் காத்திராமல், இரண்டிரண்டு படியாக ஏறினான். இரண்டாவது மாடி. 203. பூட்டு வெளியே தொங்கியது. கதவில் காதை வைத்தான். ஓசையே இல்லை.

"ப்ரோ?"

மேல் படியிலிருந்து அனிருத் இறங்கி வந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"லீவா ப்ரோ? ஏன் ஹெல்மெட்டோட கதவைக் கேட்டுட்டு நிக்கறீங்க?"

"நீ இங்க என்ன பண்றே?"

"தொட்டி சென்சார். ஞாயித்துக்கிழமை கொஞ்சம் லேட்டா கத்துச்சு, அதான் சரி பண்ணலாம்னு. உங்களுக்கு முகம் வேர்த்திருக்கே, பிரஷர் பாத்தீங்களா? அம்மாகிட்ட மெஷின் இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம்!"

பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தாழிட்டான். பாத்ரூம் தரை உலர்ந்து கிடந்தது. சிங்க் உலர்ந்து கிடந்தது. சோபாவில் உட்கார்ந்து, பன்னிரண்டு அடித்து முடியும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுகூட விழவில்லை. தன்னைப் பார்த்துவிட்டதால்தான் இன்று எதுவும் நடக்கவில்லை என்று தீர்மானித்து, சத்தமில்லாமல் பூட்டிக்கொண்டு வெளியேறினான். மிச்சப் பொழுதைத் தாம்பரம் ஸ்டேஷன் பாலத்தில் ரயில்களைப் பார்த்துக் கழித்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனிருத் புது ஃபைல் அனுப்பினான். மறுபடி 'ஹாய் ப்ரோ'. மறுபடி ஷ்யாம் இணைப்பை மட்டும் எடுத்தான். அதே கட்டளைகள். வீடு, தேதி, மணி.

பி-203. வியாழன். பதினோரு மணி. நூற்று ஐம்பத்தெட்டு லிட்டர்.

ஷ்யாம் திரையை வெறித்தான். பதினோரு மணிக்கு அவன் வீட்டில் யார் இருந்தது? அவனேதான் இருந்தான்! சோபாவில்! ஒரு சொட்டு விழவில்லை!

அப்படியென்றால் இந்த எண் எங்கிருந்து வந்தது?

மெல்ல மெல்ல ஒரு பரவசம் அவனுக்குள் பரவியது. ஃபைல் யார் கையில் இருக்கிறது? அனிருத் கையில். தன் பிளாக்கை நல்ல பிள்ளையாகக் காட்ட, அடுத்தவன் வீட்டுக் கணக்கில் தண்ணீரை ஏற்றிவிட்டிருக்கிறான்! மோசடி! 'கிங்' என்று புகழ்ந்ததே கண்ணை மறைக்கத்தான்! மிருதுளா நிரபராதி. அனிருத் அயோக்கியன். உலகத்தில் இதைவிட நல்ல செய்தி உண்டா?

கடைக்கு ஓடிப் போய் மல்லிப்பூவும் பால்கோவாவும் வாங்கி வந்தான்.

"என்ன விசேஷம்?" என்றாள் மிருதுளா.

"சும்மாதான். உனக்கு வாங்கணும்னு தோணிச்சு."

அவள் பூவை வாங்கிக்கொண்டாள். தலையில் வைத்துக்கொள்ளவில்லை. பிரிட்ஜில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வெள்ளை வேட்டி, எதிரே புரொஜெக்டர். மூன்றாவது வரிசையில் மிருதுளாவும் ரமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஷ்யாம் தன்னிடமிருந்ததில் நல்ல சட்டையாக, வெளிர்நீலத்தில், மடிப்புக் கலையாததை எடுத்துப் போட்டிருந்தான்.

பிளாக்வாரி அட்டவணை வேட்டியில் விழுந்தது. "பி பிளாக் முதலிடம்," என்று சாம்பசிவன் வாசித்ததும் சலசலப்பு எழுந்தது.

"ஒரு நிமிஷம் சார்." ஷ்யாம் எழுந்து முன்னால் போனான். "இந்த ஃபைலையே நம்ப முடியாது. யாரோ கை வச்சிருக்காங்க."

அனிருத் புருவத்தை உயர்த்தினான்.

"ஆதாரம் இருக்கு. பாருங்க, என் வீடு. வியாழக்கிழமை பதினோரு மணி, நூத்தி ஐம்பத்தெட்டு லிட்டர். ஆனா அன்னிக்கு நான் லீவு. பதினோரு மணிக்கு என் வீட்டு சோபாவில உட்கார்ந்திருந்தேன். ஒரு குழாய்கூடத் திறக்கலை. அப்ப இந்த நம்பரை எழுதினது யாரு? ஃபைல் யார்கிட்ட இருக்கோ, அவர்தான் பதில் சொல்லணும்!"

மூன்றாவது வரிசையில் மிருதுளாவின் தலை நிமிர்ந்ததை அவன் கவனிக்கவில்லை. அவன் கண் முழுக்க அனிருத் மேல் இருந்தது.

அனிருத்துக்குக் கோபம் வரவில்லை. அதுவே ஷ்யாமுக்கு எரிச்சலாக இருந்தது.

"ப்ரோ, மூணு மணி நேரத்தை மட்டும் வெட்டி வச்சிருக்கீங்க. நாள் முழுக்கப் போட்டுக் காட்டுங்களேன். எல்லா வீட்டுக்கும் சேர்த்து, மணிவாரியா."

"தாராளமா!"

ஷ்யாம் அந்த ஒரு வரியை அழித்தான். மணிவாரியாகப் பிரித்து, சராசரி போட்டு, என்டரைத் தட்டினான். வேட்டியில் புது அட்டவணை விழுந்தது.

சாம்பசிவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "அதிகபட்சத் தண்ணீர்ச் செலவு… நள்ளிரவு ஒரு மணி. என்னது?" மறுபடி பார்த்தார். "காலை ஏழு மணிக்குக் கொஞ்சமாத்தான் இருக்கு. ஒரு மணிக்குத்தான் உச்சம். ஷ்யாம், நம்ம காலனியே ராத்திரி ஒரு மணிக்கா குளிக்குது?"

"எனக்கென்ன பேய் பிடிச்சிருக்கா, அந்நேரத்துல எழுந்து தலைக்கு ஊத்திக்க?" என்றாள் ஏ பிளாக் பச்சையம்மா. பார்க்கிங் மொத்தமும் சிரித்தது.

ஷ்யாம் அட்டவணையைப் பார்த்தான். லட்சம் வரியை எத்தனை விதமாகப் பிரித்தான்! பிளாக், வீடு, கிழமை, மணி. முழு நாளையும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் போதும். முதல் நாளே தெரிந்திருக்கும். காலேஜில் படிக்கிற பிள்ளைகள்கூட முதலில் அதைத்தான் செய்வார்கள்.

"மீட்டர் நம்ம ஊர் நேரத்துல எழுதாது ப்ரோ," என்றான் அனிருத், அவனுக்கு மட்டும் கேட்பதுபோல மெதுவாக. ஆனால் மைக் ஆன் ஆகி இருந்தது. "கிரீன்விச் நேரம். கடைசில இஸட் இருக்கே, அதான் அடையாளம். அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். ரெண்டு மெயில்லயும் முதல் பாராவே அதுதானே?"

கூட்டினான். ஒரு மணி, ஆறரை ஆயிற்று. ஊரே குளிக்கும் நேரம். பதினோரு மணி, நாலரை ஆயிற்று. சாயங்காலம் நாலரை.

"செவ்வாய், வியாழன் நாலரைக்கா?" ரமா கணீரென்று கேட்டாள். "அது மிருதுளா வாஷிங் மெஷின் போடற நேரமாச்சே! அன்னிக்குத்தான் இவளுக்குக் கடைசி ரெண்டு பீரியட் கிடையாது, சீக்கிரம் வந்துடுவா. கடகடகடன்னு எங்க பால்கனி வரைக்கும் கேக்குமே! உங்க சட்டைதான் தம்பி துவைக்கறா. இதோ, இப்ப போட்டிருக்கீங்களே, இதுவும்தான்!"

இந்தச் சிரிப்பு முன்னதைவிடப் பெரியது. சிட்டிபாபுகூடத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஷ்யாம் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். சிரிக்காதவர்கள் அங்கே இரண்டு பேர்தான். ஒருவன் அவன். இன்னொருத்தி, நாற்காலியிலிருந்து எழுந்து, யாரையும் பார்க்காமல் பி பிளாக் படிகளை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

கணக்கைத் திருத்தி மறுபடி மீட்டிங் வைப்பதாக சாம்பசிவன் அறிவித்தார். அனிருத் தோளில் தட்டி, "நானும் ஒரு தடவை இதே தப்பைப் பண்ணியிருக்கேன் ப்ரோ," என்றான். அந்தப் பெருந்தன்மையும் ஷ்யாமுக்கு உறுத்தியது. ஆனால் இப்போது உறுத்த அதைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. படியேறினான்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மிருதுளா பால்கனிக் கொடியிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவன் சட்டைகள்.

"மிருது," என்று ஆரம்பித்தான். சிரிக்க முயன்றான். "டைம் ஜோன் தப்பு, அவ்வளவுதான். ரொம்ப சாதாரணம். எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு வரி சேர்த்தா சரியாயிடும். அனிருத்கிட்டயும் ஒரு ஸாரி சொல்லிடறேன். சாயங்காலம் எங்கயாவது வெளியே போகலாமா? பீச்சுக்கு?"

அவள் ஒரு சட்டையின் காலரை நீவினாள். கைகளை உள்ளே மடித்தாள். பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். அதை மற்றவற்றின் மேல் வைத்துவிட்டு, முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் கிளாஸ்லதான் இருக்கேன்னு ஏஞ்சல் செவ்வாய்க்கிழமையே உங்ககிட்ட சொன்னாங்களே, அப்புறமும் எதுக்கு வியாழக்கிழமை லீவு போட்டீங்க?"